கடனில் மூழ்கிய நகரமும் அதன் சுரங்க ரயிலும்: நியூயார்க் கண்ட வழி

1973 டிசம்பர் 15 அன்று, மன்ஹாட்டன் தீவின் மேற்குக் கரையோரமாகத் தூண்கள் மேல் ஓடிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதே சாலையைச் செப்பனிடுவதற்காகத் தார்க்கலவை ஏற்றிச் சென்ற லாரியின் எடையைத்தான் அது தாங்கவில்லை. நியூயார்க் நகரத்தின் நிதி நெருக்கடி உலகம் அறிய வெடித்தது அதற்கு ஓராண்டுக்கும் மேல் கழித்து, 1975 வசந்த காலத்தில். ஆனால் நெருக்கடி அதற்கு வெகு முன்பே துருப்பிடித்த இரும்பிலும் தேய்ந்த தண்டவாளத்திலும் குடியேறியிருந்தது. செய்ய வேண்டிய பராமரிப்பைத் தள்ளிப்போடுவதும் கடன் வாங்குவதுதான். அதற்குப் பத்திரம் கிடையாது, தவணை கிடையாது, எந்தக் கணக்கேட்டிலும் அது ஏறுவதில்லை. ஆகவே, பணமுடையில் இருக்கும் எந்த நகர நிர்வாகமும் முதலில் கைநீட்டுவது அந்தக் கடனுக்கே. நியூயார்க்கின் பொதுப் போக்குவரத்து அந்தக் கடனில் எப்படிச் சிக்கியது, நகரம் ஏழையாக இருந்த காலத்திலேயே அதிலிருந்து எப்படி வெளியே வந்தது என்பது, காசில்லாத ஊர் ரயிலுக்கும் பேருந்துக்கும் முதலீடு செய்யலாமா என்று கேட்பவர்கள் விரிவாக அறிய வேண்டிய வரலாறு.

வேர் 5 சென்ட் கட்டணத்தில் இருக்கிறது. 1904 அக்டோபர் 27 அன்று முதல் சுரங்க ரயில் ஓடியபோது கட்டணம் 5 சென்ட். நகரம் கடன் பத்திரம் விற்றுச் சுரங்கத்தைக் கட்டிக்கொடுத்தது. தனியார் நிறுவனம் குத்தகைக்கு எடுத்து ரயிலை ஓட்டியது. 1913இல் பாதைகளைப் பெரிய அளவில் விரிவாக்க இரண்டு நிறுவனங்களுடன் நகரம் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் அந்த 5 சென்ட் கட்டணத்தையே நிலையாக எழுதி வைத்தன. அடுத்த சில ஆண்டுகளில் முதல் உலகப் போர் வந்து விலைவாசியை ஏறத்தாழ இரு மடங்காக்கியது. சம்பளமும் நிலக்கரியும் எஃகும் விலை ஏறின. கட்டணம் மட்டும் அசையவில்லை. 1918 முதல் 1925 வரை மேயராக இருந்த ஜான் ஹைலன், 5 சென்ட்டைக் காப்பதையே தம் அரசியலின் அடித்தளமாக்கிக்கொண்டார். அவருக்குப் பின் வந்தவர்களும் அதைத் தொடத் துணியவில்லை. 1940இல் நகரம் சுமார் 32.6 கோடி டாலர் கொடுத்து அந்த இரு நிறுவனங்களையும் வாங்கியபோது, பாதைகளோடு பல ஆண்டுகளாகச் செய்யாமல் விடப்பட்ட பழுதுபார்ப்பையும் சேர்த்தே வாங்கியது. கட்டணம் 10 சென்ட் ஆனது 1948 ஜூலை 1 அன்று. நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேலாக ஒரே விலையில் நின்ற கட்டணம் ஏழைத் தொழிலாளிக்குப் பேருதவியாக இருந்தது என்பதில் ஐயமில்லை. குறைந்த கட்டணத்தை நான் குறை சொல்லவும் இல்லை. கட்டணத்தால் வராத பணம் வேறு எங்கிருந்து வரும் என்பதை யாரும் முடிவு செய்யாமல் விட்டதே குற்றம்.

அதன் பிறகும் அதே வழக்கம் தொடர்ந்தது. இரண்டாம் அவென்யூவின் அடியில் புதிய பாதை அமைப்பதாகச் சொல்லி 1951இல் 50 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்காளர்களின் ஒப்புதல் வாங்கப்பட்டது; அந்தப் பணம் பழைய பாதைகளின் தேங்கிய வேலைகளுக்கே போயிற்று. புதிய பாதை வந்துவிடும் என்ற நம்பிக்கையில் மன்ஹாட்டனின் கிழக்குப் பகுதியில் இருந்த உயர்நிலை ரயில் பாதைகளை இடித்துவிட்டார்கள். கடைசியாக மூன்றாம் அவென்யூ பாதை 1955இல் மூடப்பட்டது. அந்தப் பகுதி மக்கள் முழுவதும் லெக்சிங்டன் அவென்யூ பாதை ஒன்றையே நம்பி அறுபது ஆண்டுகளுக்கு மேல் நெரிசலில் நின்றார்கள். 1953இல் உருவாக்கப்பட்ட போக்குவரத்து ஆணையம், அன்றாட இயக்கச் செலவைக் கட்டண வருவாயிலேயே ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் சொன்னது. கட்டணம் 15 சென்ட் ஆகி, டோக்கன் முறை வந்தது. 1968இல் மாநில அரசு பெருநகரப் போக்குவரத்து ஆணையமான எம்டிஏவை அமைத்து, பாலங்களிலும் சுரங்கச் சாலைகளிலும் கார்கள் செலுத்தும் சுங்கத்தின் உபரியை ரயிலுக்குத் திருப்பியது. அது நல்ல முடிவு. இன்று வரை பயன் தருகிறது. ஆனால் அப்போதைய பள்ளத்தை அது நிரப்பவில்லை.

1972 அக்டோபரில் இரண்டாம் அவென்யூப் பாதைக்குக் கடைக்கால் தோண்டினார்கள். அதே காலத்தில் கட்டணத்தை 35 சென்ட்டில் நிறுத்திவைக்க நகரமும் மாநிலமும் போராடின. புதிய பாதைக்கும் புதிய பெட்டிக்கும் போக வேண்டிய மூலதனப் பணத்தை அன்றாட இயக்கத்துக்கு எடுத்துச் செலவிட்டார்கள். விதைநெல்லை எடுத்து உலையில் போட்டதற்கு ஒப்பான செயல் இது. ரயிலில் மட்டும் நடந்ததல்ல. நகரத்தின் மொத்த வரவு செலவுத் திட்டமும் அப்படித்தான் நடந்தது. சம்பளம் போன்ற நடைமுறைச் செலவுகளை மூலதனக் கணக்கில் எழுதி, அவற்றுக்காக நீண்டகாலக் கடன் வாங்கியிருந்தார்கள். இன்னும் வசூலாகாத வரியைக் காட்டிக் குறுகியகாலக் கடன் பத்திரங்களையும் விற்றிருந்தார்கள். 1975இல் நகரத்தின் கடன் சுமார் 1,400 கோடி டாலர். அதில் ஏறக்குறைய 600 கோடி குறுகியகாலக் கடன். அந்தப் பத்திரங்களை இனி வாங்க மாட்டோம் என்று வங்கிகள் ஒதுங்கியபோது, அடுத்த மாதச் சம்பளத்துக்கே நகரத்திடம் பணம் இல்லை.

மேயர் ஆபிரகாம் பீமின் அதிகாரத்தைப் பெருமளவு மாநில அரசு எடுத்துக்கொண்டது. ஆளுநர் ஹியூ கேரி ஜூன் மாதம் நகராட்சி உதவிக் கழகத்தையும் செப்டம்பரில் அவசர நிதிக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் அமைத்தார். உதவிக் கழகம் செய்த வேலையைக் கவனிக்க வேண்டும். நகரத்தின் பெயரை நம்பி யாரும் கடன் தராத நிலையில், விற்பனை வரி வருவாயை நகரத்தின் கைக்குப் போகாமல் நேரே கழகத்திடம் சேரும்படி பிரித்து, அதையே ஈடாகக் காட்டிப் பத்திரம் விற்றார்கள். அந்த உபாயம் ஆறு ஆண்டுகள் கழித்து ரயிலையும் காப்பாற்றியது. அக்டோபர் 29 அன்று அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு நகரத்துக்கு உதவ மறுத்துப் பேசினார்; டிசம்பரில் மனம் மாறி, ஆண்டுதோறும் 230 கோடி டாலர் வரை தற்காலிகக் கடன் தரும் சட்டத்தில் கையெழுத்திட்டார். இடையில் ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி பத்திரம் வாங்கியதால்தான் நகரம் அக்டோபர் 17 அன்று தவணை தவறாமல் தப்பியது. பல்லாயிரம் ஊழியர்கள் வேலை இழந்தார்கள். நகரப் பல்கலைக்கழகத்தில் அதுவரை இருந்த கட்டணமில்லாக் கல்வி முடிந்தது. ரயில் கட்டணம் செப்டம்பர் 1 அன்று ஒரே தாவலில் 35 சென்ட்டிலிருந்து 50 சென்ட் ஆயிற்று. இரண்டாம் அவென்யூவின் அடியில் தோண்டிய துண்டுச் சுரங்கங்களை மூடிவிட்டுப் போனார்கள்.

இந்த வெட்டுகளில் வெளியே தெரியாதது பராமரிப்பின் மீது விழுந்த வெட்டு. ஒரு பாதையை நிறுத்தினால் அந்தப் பகுதி மக்கள் மறுநாளே திரண்டு வருவார்கள். சம்பளத்தைக் குறைத்தால் தொழிற்சங்கம் ரயிலை நிறுத்தும். கட்டணத்தைக் கூட்டினால் மேயர் அடுத்த தேர்தலில் பதில் சொல்ல வேண்டும். பணிமனைக்கு வர வேண்டிய பெட்டியின் பரிசோதனையை மூன்று மாதம் தள்ளிவைத்தால் யாரும் கேட்பதில்லை. அந்தப் பெட்டி நாளையும் ஓடும், அடுத்த மாதமும் ஓடும். பிறகு ஒரு நாள் பல பெட்டிகள் ஒன்றாக நிற்கத் தொடங்கும். நியூயார்க்கில் அந்த நாள் 1980ஐ ஒட்டி வந்தது. 1981இல் ஒரு பெட்டி பழுதாகாமல் ஓடும் சராசரித் தூரம் சுமார் 7,000 மைலாகச் சுருங்கியிருந்தது. நூற்றுக்கணக்கான இடங்களில் தண்டவாளத்தின் நிலை கருதி ரயிலை மணிக்கு 10 மைல் வேகத்தில் ஊர்ந்து போகச் சொன்னார்கள். கதவுகள் திறக்கவில்லை, விளக்குகள் எரியவில்லை, ரயில்கள் அடிக்கடி தடம்புரண்டன. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் ஆண்டுக்கு 200 கோடியைத் தாண்டியிருந்த பயண எண்ணிக்கை 1970களின் இறுதியில் 100 கோடிக்கும் கீழே இறங்கியது. கூட்டம் குறைந்தால் கட்டண வருவாய் குறையும். வருவாய் குறைந்தால் மறுபடியும் வெட்டு விழும். வசதியுள்ளவர்கள் காருக்கு மாறினார்கள் அல்லது ஊரைவிட்டே போனார்கள். காலை ஐந்து மணிக்கு மருத்துவமனையைத் துப்புரவு செய்யப் போகும் தொழிலாளிக்கு அந்த வழி இல்லை. சிக்கனம் என்ற பெயரில் செய்ததன் முழுச் சுமையும் அவர்கள் தலையில்தான் இறங்கியது.

1979இன் இறுதியில் ஆளுநர் கேரி எம்டிஏவின் தலைவராக ரிச்சர்ட் ராவிச்சை நியமித்தார். கட்டுமானத் தொழிலிலிருந்து வந்த அவர், 1975 நெருக்கடியில் மாநிலத்தின் நகர்ப்புற வளர்ச்சிக் கழகத்தை மீட்கும் வேலையைச் செய்தவர். கடன் கொடுப்பவன் எதைப் பார்த்து நம்புகிறான் என்பதை அறிந்தவர். பதவியேற்ற சில மாதங்களிலேயே 1980 ஏப்ரலில் 11 நாள் வேலைநிறுத்தம் வந்தது. அது முடிந்ததும் அவர் செய்த முதல் முக்கியமான வேலை, அமைப்பை முறையான நிலைக்குக் கொண்டுவர எவ்வளவு தேவை என்று உண்மையான கணக்கை எடுத்து வெளியிட்டதுதான். பத்து ஆண்டுகளில் சுமார் 1,400 கோடி டாலர் என்று வந்தது. நகரத்தையே கிட்டத்தட்டத் திவாலாக்கிய மொத்தக் கடனுக்கு இணையான தொகை அது. ஒரு நகரம் அந்தக் கணக்கைப் பார்த்து மிரண்டு கோப்பை மூடிவைப்பதற்கு எல்லாக் காரணமும் இருந்தது.

ராவிச்சின் திட்டம் 1981இல் மாநிலச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிலதிபர்களையும் புறநகர்ப் பிரதிநிதிகளையும் அவர் நேரில் போய் இணங்கவைத்தார். ஊழியர்கள் நேரத்துக்கு வராவிட்டால் மன்ஹாட்டனின் அலுவலகங்கள் இயங்காது என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. திட்டத்தின் உள்ளமைப்பை விளக்கியாக வேண்டும், ஏனெனில் வெற்றி அதில்தான் இருக்கிறது. முதலாவது, எதிர்காலக் கட்டண வருவாயை ஈடாக வைத்து எம்டிஏ தன் பெயரிலேயே பத்திரம் விற்கலாம் என்று சட்டம் அனுமதித்தது. நகரத்தின் கெட்டுப்போன பெயர் இந்தக் கடனைத் தொடவில்லை. அப்படித் திரட்டும் பணம் பெட்டி, தண்டவாளம், சிக்னல், பணிமனை போன்ற நீடித்து உழைக்கும் பொருள்களுக்கு மட்டுமே போக வேண்டும். ஐந்தாண்டுத் திட்டமாக எழுதப்பட வேண்டும். ஆளுநர், சட்டமன்றத்தின் இரு அவைகள், மேயர் ஆகியோரின் பிரதிநிதிகள் அடங்கிய குழு அதை ஏற்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு நிதிநிலை அறிக்கையின் தயவில் நின்ற பணம் அப்போதுதான் திட்டமிடக்கூடிய பணமாயிற்று. இரண்டாவது, இயக்கச் செலவின் இடைவெளியை நிரப்பத் தனி வரிகள் ஒதுக்கப்பட்டன: நகரமும் புறநகரங்களும் சேர்ந்த 12 மாவட்டங்களில் விற்பனை வரியில் கால் சதவீதம், எண்ணெய் நிறுவனங்கள் மீதான வரி, பெருநிறுவனங்கள் மீதான கூடுதல் வரி. ரயிலில் ஏறாதவரும் ரயிலால் பயன் பெறுகிறார் என்ற உண்மைக்கு வரிச்சட்டத்தில் இடம் கிடைத்தது. மூன்றாவதாகப் பயணியும் கூடுதலாகக் கொடுத்தார். 1980இல் 60 சென்ட், 1981இல் 75, 1984இல் 90, 1986இல் ஒரு டாலர். அந்த ஏற்றங்கள் ஏழைகளுக்கு வலித்தன. முந்தைய ஏற்றங்களோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு இருந்தது: இம்முறை கொடுத்த காசு கண்ணெதிரே புதிய பெட்டியாக வந்து நின்றது.

1982 முதல் 1986 வரையிலான முதல் ஐந்தாண்டுத் திட்டத்தின் மதிப்பு 700 கோடி டாலரைத் தாண்டியது. அதில் வாங்கிய பெட்டிகளின் கதை தனியே சொல்லத்தக்கது. 1970களில் வாங்கிய புதிய பெட்டிகளின் சக்கரச் சட்டங்களில் விரிசல் விட்டிருந்தது. 1980இல் வந்த புதிய பேருந்துகளின் அடிச்சட்டங்களிலும் விரிசல் விழுந்து அவற்றைச் சாலையிலிருந்தே எடுக்க நேர்ந்தது. பணமில்லாத நகரம் தவறான பொருளை வாங்கினால் இரண்டு முறை பணம் கொடுக்கிறது. ஆகவே இம்முறை ஜப்பானின் கவாசாகி நிறுவனத்திடம் 325 பெட்டிகளும் கனடாவின் பம்பார்டியர் நிறுவனத்திடம் 825 பெட்டிகளும் கேட்டார்கள். அமெரிக்காவில் வட்டி விகிதம் உச்சத்தில் இருந்த அந்த ஆண்டுகளில் கனடா அரசின் ஏற்றுமதிக் கடன் 10 சதவீதத்துக்கும் குறைந்த வட்டியில் கிடைத்தது. அயல்நாட்டு மானியத்தால் தனக்கு அநீதி நேர்ந்ததாக அமெரிக்க நிறுவனமான பட் முறையிட்டது. அந்த முறையீட்டில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆயினும் சிறு வட்டி வேறுபாடு பதினைந்து ஆண்டுகளில் எத்தனை பெட்டிகளுக்குச் சமமாகும் என்று கணக்கிட வேண்டிய நிலையில் இருந்தது நகரம்.

1984இல் சுரங்க ரயிலின் நிர்வாகத் தலைவராக வந்த டேவிட் கன், வாங்கிய பொருளைப் பேணும் ஒழுங்கை மீண்டும் நிலைநாட்டினார். பெட்டிகளின் மேல் வண்ணத் தெளிப்பால் எழுதியவற்றைத் துடைப்பது அவருடைய பெயரோடு சேர்ந்து நினைக்கப்படுகிறது. 1989 மே 12 அன்று அத்தகைய கடைசி ரயில் சேவையிலிருந்து எடுக்கப்பட்டது. அதைவிட முக்கியம், பெட்டிகள் பழுதான பின் அல்லாமல் குறித்த காலத்தில் பணிமனைக்குப் போகத் தொடங்கின. 1985இல் இன்னொரு வரவும் கிடைத்தது. இடிந்து விழுந்த மேற்குக் கரை நெடுஞ்சாலைக்குப் பதிலாகப் பெரும் பொருட்செலவில் வெஸ்ட்வே என்ற புதிய நெடுஞ்சாலை திட்டமிடப்பட்டிருந்தது. சூழலியல் வழக்குகளால் அது கைவிடப்பட்டபோது, அதற்கென ஒதுக்கிய கூட்டாட்சி அரசின் பணத்தில் சுமார் 100 கோடி டாலர் பொதுப் போக்குவரத்துக்கு மாற்றப்பட்டது. பழுதின்றி ஓடும் சராசரித் தூரம் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் 1,50,000 மைலைத் தாண்டியது. 2015இல் பயண எண்ணிக்கை 176 கோடி. 1948க்குப் பிறகு அதுவே மிகுதி.

இந்த வெற்றிக்குள் அடுத்த சிக்கலின் விதையும் இருந்தது. கட்டணத்தை ஈடாக வைத்துக் கடன் வாங்கலாம் என்ற கதவு திறந்த பின், அரசியல்வாதிகளுக்கு அது வசதியான கதவாயிற்று. 1990களின் நடுவில் நகரமும் மாநிலமும் தத்தம் பங்கைக் குறைத்துக்கொண்டு, மீதியை எம்டிஏவே கடனாக வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டன. 2000இல் 380 கோடி டாலர் போக்குவரத்துப் பத்திரத்தை மாநில வாக்காளர்கள் நிராகரித்தார்கள். திட்டம் சுருங்கவில்லை, கடன்தான் பெருகியது. இன்று அந்த ஆணையத்தின் கடன் 4,000 கோடி டாலரைத் தாண்டியிருக்கிறது; வட்டியும் அசலுமாக ஆண்டுக்கு 200 கோடிக்கு மேல் போகிறது. கடன் வாங்கி முதலீடு செய்வது தவறில்லை. அந்தக் கடனைத் திருப்பித் தருவதற்கென்று தனி வருவாயை ஏற்படுத்தாமல் வாங்குவது, நாளைய பராமரிப்புப் பணத்தை இன்றே எடுப்பதாகும். 2017 ஜூனில் தாமதங்களும் தடம்புரளலும் மிகுந்து, ஆளுநர் ஆண்ட்ரூ கோமோ சுரங்க ரயிலுக்கு அவசர நிலை அறிவிக்க நேர்ந்தது. நகரம் அப்போது ஏழையாகவே இல்லை.

செலவின் இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் விளக்கம் முழுமையாகாது. இரண்டாம் அவென்யூப் பாதையின் முதற்கட்டம் 2017 ஜனவரி 1 அன்று திறந்தது: 1.8 மைல் நீளம், மூன்று புதிய நிலையங்கள், சுமார் 445 கோடி டாலர். பாரிஸ், மாட்ரிட் போன்ற நகரங்கள் ஒரு மைலுக்குச் செலவிடுவதைவிட இது பல மடங்கு. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மாரன் நிறுவன ஆய்வாளர்கள் இதற்குக் காரணங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: நடைமேடையின் நீளத்துக்கு மிகுதியாக ஆழத்தில் குடைந்த பிரம்மாண்ட நிலையங்கள், தேவைக்கு மேற்பட்ட ஆள்கணக்கு, சொந்தப் பொறியாளர்களைக் குறைத்துவிட்டு ஆலோசனை நிறுவனங்களை நம்பியது, மற்ற துறைகள் கேட்டதையெல்லாம் திட்டத்தின் தலையில் கட்டியது. சிக்கனம் உண்மையில் செய்ய வேண்டிய இடம் இங்கே இருக்கிறது. பணமுடையின்போது பொறியாளர்களை வீட்டுக்கு அனுப்பும் ஊர், பணம் வந்தபின் அதை எப்படிச் செலவிடுவது என்று தெரிந்தவர்கள் இல்லாமல் நிற்கிறது.

2020இல் பெருந்தொற்று பயணிகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேலானவர்களை வீட்டில் இருத்தியபோது, கட்டணத்தை நம்பிய ஏற்பாடு எவ்வளவு மெலிந்தது என்று தெரிந்தது. சுமார் 1,500 கோடி டாலர் கூட்டாட்சி உதவியே ரயில்களை ஓடவைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு சட்டமாகியிருந்த நெரிசல் கட்டணம் இந்தப் பின்னணியில்தான் உயிர்பெற்றது. மன்ஹாட்டனில் 60ஆம் தெருவுக்குத் தெற்கே நுழையும் கார்கள் செலுத்தும் தொகையை ஈடாக வைத்து 1,500 கோடி டாலர் திரட்டுவது திட்டம். 2024 ஜூனில் ஆளுநர் கேத்தி ஹோக்கல் தொடக்கத்துக்குச் சில வாரங்கள் முன்பு அதை நிறுத்தினார். திட்டமிட்ட 15 டாலரை 9 டாலராகக் குறைத்து 2025 ஜனவரி 5 அன்று தொடங்கினார். சிக்னல்களும் மின்தூக்கிகளும் அந்தப் பணத்துக்குக் காத்திருந்த மாதங்களில் வேலைகள் நின்றன.

2025 முதல் 2029 வரையிலான புதிய திட்டத்தின் மதிப்பு 6,840 கோடி டாலர். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல், ஏற்கெனவே உள்ளவற்றைப் புதுப்பிக்கவும் மேம்படுத்தவும் ஒதுக்கப்பட்டிருக்கிறது: மின் துணை நிலையங்கள், பழைய சிக்னல்களுக்கு மாற்று, நீர் இறைக்கும் பம்புகள், புதிய பெட்டிகள், சக்கர நாற்காலியில் வருவோருக்கான மின்தூக்கிகள். நாடா வெட்டித் திறப்பு விழா நடத்த இவற்றில் அதிகம் இல்லை. இந்தத் திட்டத்துக்குப் பணம் திரட்டப் பெரிய நிறுவனங்கள் சம்பளத் தொகையின் மீது செலுத்தும் போக்குவரத்து வரியை மாநிலம் உயர்த்தியது. சிறு நிறுவனங்களுக்குக் குறைத்தது.